செவ்வாய்க்கிழமைப் படகு

படகுத்துறையில் அவளை எல்லாரும் நங்கூரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். படகோட்ட உரிமம் வாங்கி, முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய காலையில், தண்ணீருக்குள் கிடந்த நங்கூரத்தைத் தூக்க மறந்துவிட்டு மோட்டாரை முறுக்கினாள். மோட்டார் தொண்டை கிழியக் கத்தியது, பின்னால் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது, படகு மட்டும் இருந்த இடத்திலேயே நின்று முக்கியது. துறையில் இருந்த அத்தனை படகுக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏம்மா, தீவையே கட்டி இழுத்துட்டுப் போகப் பார்க்குறியா?" என்று கத்தினார் துறைத் தலைவர்.

அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான். வேறொருத்தியாக இருந்தால் வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகம் புதைத்திருப்பாள். இவள் மறுவாரமே ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கிவந்து, படகின் இரண்டு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் 'நங்கூரம்' என்று எழுதிவிட்டாள். "ஓடற படகுக்கு இப்படி ஒரு பேரு வெச்ச ஆளு உலகத்துலயே நாமதான்" என்று புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுத்து கோணாமல் வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் அவள் ஓட்டலில் அறை துடைத்தவள்.

தீவு சின்னதுதான். மோட்டார் சைக்கிளில் சுற்றிவர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் விடுமுறை மாதங்களில் தீவுக்காரர்களைப்போல் பத்து மடங்கு வெளியாட்கள் வந்து இறங்குவார்கள். முன்பக்கத்துப் பெரிய கடற்கரையில் குடை, நாற்காலி, பாட்டுச் சத்தம் என்று கால் வைக்க இடமிருக்காது. பின்பக்கம் போனால் கதையே வேறு. அங்கே பாறைகளுக்கு நடுவே கடல் நுழைந்து, வளைந்து, பத்துப் பேர் உட்காரும் அளவுக்கு மணலைக் கொண்டுவந்து கொட்டி வைத்திருக்கும். தீவுக்காரர்கள் குடா என்பார்கள். அப்படிப்பட்ட குடாக்கள் பதினேழு. ஓட்டலில் கொடுக்கும் விளம்பரத் தாளில் இருப்பது மூன்றே மூன்று.

அவளுக்கு மூன்றாவது மாடி. ஒரு நாளைக்குப் பதினாறு அறை. விரிப்பை மாற்று, குளியலறையைத் தேய், ஜன்னல் கண்ணாடியைத் துடை. பிறந்து வளர்ந்த தீவின் கடலை அவள் அந்தப் பதினான்கு வருஷத்தில் பார்த்ததெல்லாம் சோப்பு நுரைக்குப் பின்னாலிருந்துதான். அறையில் தங்கியவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "கூட்டமே இல்லாத கரை எங்கேயாவது இருக்கா?" வரவேற்பு மேசையில் கேட்டால் விளம்பரத் தாளை நீட்டுவார்கள். அவளிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அந்தப் பதில் வந்தது கீழ்த்தளத்திலிருந்து.

கீழ்த்தளம் என்றால் சலவைக்கூடம். ஜன்னல் கிடையாது. ஆளுயர மெஷின்கள், ஆவி, இஸ்திரி மேசைகள். புருஷனின் அக்கா, அவளுக்கு நாத்தனார், அங்கே இவளுக்கு முன்னாலிருந்தே வேலை. குளிக்கப் போனவர்களின் துண்டுகளை மெஷினில் போடுவதற்கு முன்னால் உதற வேண்டும், இல்லாவிட்டால் மணல் போய் மெஷினைக் கெடுத்துவிடும். நாத்தனார் உதறுவாள். உதறிய மணலைத் தட்டில் விரலால் கிளறிப் பார்ப்பாள். வெள்ளை வெளேரென்று மின்னினால் சர்க்கரை. கொஞ்சம் மஞ்சளாய்ப் பருமனாய் இருந்தால் ரவை. கறுப்புப் பொடி கலந்திருந்தால் மிளகு. மணலுக்கு அவள் வைத்த பெயரே குடாவுக்கும் பெயர். மேலே இருந்தவள் ஒவ்வொரு அறையிலும் "இன்னைக்கு எங்க போயிட்டு வந்தீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டுவருவாள். கீழே இருந்தவள் அந்த அறைத் துண்டின் மணலோடு பொருத்திப் பார்ப்பாள். இப்படி ஒருத்தி கேட்க, ஒருத்தி கிளற, இரண்டு பேருமாகப் பதினேழு குடாவையும் கண்ணால் பார்க்காமலே கணித்து வைத்திருந்தார்கள்.

"அண்ணி, முன்னூத்திப் பன்னெண்டுல ஒரு அம்மா கேக்குறாங்க, அமைதியான இடம் வேணுமாம்."

"கொழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு."

"அப்போ ரவைக்கு அனுப்பு. ரவை மண்ணு வந்த துண்டுல இதுவரைக்கும் ரத்தக்கறை வந்ததில்ல. மிளகுக்கு மட்டும் அனுப்பிடாத. வாரத்துக்கு ரெண்டு துண்டாவது கால் கிழிஞ்ச கறையோட வருது."

ஒருமுறை வயசான தம்பதி வந்து தங்கினார்கள். அவள் சொன்ன குடாவுக்குப் போய்வந்து மனசு நிறைந்து நன்றி சொன்னார்கள். அந்த அம்மா கேட்டாள்: "நீங்க வழக்கமா எந்த நேரத்துல அங்க போவீங்க? நாங்களும் அந்த நேரத்துக்கே போறோம்."

நான் போனதே இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சாயங்காலம்தாம்மா. வெயில் சாஞ்சப்புறம் நல்லா இருக்கும்" என்றாள்.

சாயங்காலத்தில் அங்கே நீர் ஏறும். பாறையோரத்து ஒற்றையடிப் பாதை மூழ்கிவிடும். தம்பதி இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, செருப்பையும் கேமராவையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். புகார் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் விரிப்பு மாற்றப் போனபோது அந்த அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "நீங்க போறப்போ தண்ணி இப்படி ஏறாதாம்மா?"

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. புருஷன் படகு மோட்டார் பழுது பார்ப்பவன். பழுது பார்த்த மோட்டாரைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் ஒப்படைப்பான். "இன்னைக்கு நானும் வர்றேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். "எதுக்கு?" என்றான். "பொய் சொல்லிட்டேன். அதை உண்மையாக்கணும்" என்றாள்.

அதற்குப்பின் இரண்டு வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமையும் அவள் வீட்டில் இருந்ததில்லை. எந்தக் குடாவில் எந்த நேரத்தில் நீர் ஏறும், எங்கே பாறை முளைத்திருக்கும், எந்தக் காற்றில் எதற்குள் நுழையக் கூடாது, எல்லாவற்றையும் ஒரு பழைய நோட்டில் படம் போட்டு எழுதினாள். முதல் ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது மாதம் "தள்ளுங்க" என்று புருஷனை நகர்த்திவிட்டுச் சுக்கானைப் பிடித்தாள்.

உரிமத் தேர்வுக்குப் பதினோரு பாடம் உள்ள ஒரு புத்தகம் உண்டு. அதைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, துண்டு விரிப்பு ஏற்றித் தள்ளும் வண்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்துப் படித்தாள். ஒரு அறைக்கு அரைப் பக்கம். பதினாறு அறை முடிந்தால் எட்டுப் பக்கம். தேர்வன்று அவளைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். துறைமுக அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்ட பெரியவர், ஆளுக்குப் பத்துக் கேள்வி கேட்டு அனுப்பினார். இவளிடம் இருபது கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எழுந்தவள் போகாமல் நின்றாள்.

"எல்லாருக்கும் பத்துதானே சார்? எனக்கு மட்டும் ஏன் இருபது?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் பத்து தேர்வுக்கும்மா. அதுக்கப்புறம் கேட்டதெல்லாம் எனக்காக. முப்பது வருஷமா இந்தப் புத்தகத்தை யாராவது முழுசாப் படிச்சிருக்காங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

புருஷனின் பட்டறைக்குப் பின்னால் யாரோ கைவிட்டுப்போன படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத்தான் இரண்டு பேருமாக நிமிர்த்தி, ஒட்டுப் போட்டு, பலகை மாற்றி, கடலில் இறக்கினார்கள். பத்துப் பேருக்கு இடம். பாட்டுப் பெட்டி கிடையாது. குடாவின் வாயை நெருங்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டு உள்ளே போவாள். "சத்தமில்லாத இடத்துக்குச் சத்தத்தோட போனா அது எப்படிச் சத்தமில்லாத இடமாகும்?" என்பாள். நாலே வருஷத்தில், அமைதியான குடா வேண்டுமென்றால் நங்கூரத்தைக் கேளுங்கள் என்று போட்டியாளர்களே ஆள் அனுப்பும்படி ஆயிற்று.

நாத்தனார் மட்டும் வரவில்லை.

"அண்ணி, ஒரே ஒரு நாள் வாங்களேன். உங்க ரவை, உங்க மிளகு, எல்லாத்தையும் காட்டுறேன்."

"நான் பார்க்காத மண்ணா? இருபத்தாறு வருஷமா வண்டி வண்டியா உதறியிருக்கேன். பாதிக் கடற்கரை என் கை வழியாத்தான் போயிருக்கு. போம்மா, வேலையைப் பாரு."

வாய் அப்படிச் சொன்னாலும் காரணம் வேறு என்று அவளுக்குத் தெரியும். விருந்தினர் உலாவும் இடத்தில் வேலைக்காரர்கள் நிற்கக் கூடாது என்பது ஓட்டல் கட்டடத்துக்குள் இருந்த சட்டம். வருஷக்கணக்கில் பின்வாசல் வழியாகவே வந்துபோனவர்களுக்கு அது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விட்டது. தெருவுக்கு நீண்டு, கரைக்கு நீண்டு, தீவின் பின்பக்கம் வரைக்கும் அவர்கள் மனசுக்குள் போய்விட்டது. சலவைக்கூடத்தில் பதினோரு பெண்கள். ஒருத்திகூட ஒரு குடாவையும் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கயிறு வந்தது.

ஒரு நாள் காலை பத்துப் பயணிகளோடு சர்க்கரைக்குப் போனாள். ஓட்டலின் தோட்டத்திலிருந்து படியிறங்கினால் வருகிற குடா அதுதான். குடாவின் வாயில், இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்குமாக, வெள்ளை மிதவைகள் கோர்த்த கயிறு ஒன்று கட்டியிருந்தது. 'எங்கள் விருந்தினர்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகை. பாறைமேல் நின்ற காவலாளி விசில் ஊதி, திரும்பிப் போ என்று கையைக் காட்டினான். பயணிகளை வைத்துக்கொண்டு தகராறு செய்வது அழகில்லை. படகைத் திருப்பி ரவைக்குக் கொண்டுபோனாள். திரும்பினாளே தவிர, அன்று முழுக்க நெஞ்சில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் அடுத்த வீடுதான், சாப்பாடு ஒன்றாகத்தான். தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்க கட்டியிருக்கானுங்க?"

"சர்க்கரையில அண்ணி."

"சர்க்கரையிலயா? யாரைக் கேட்டுக் கட்டினாங்க?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்க்கா, உன்னைக் கேட்டுத்தான் கட்டணுமா?"

"ஆமாடா. என்னைத்தான் கேக்கணும். அந்த மண்ணுக்குப் பேரு வெச்சது யாரு?" என்ற நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "ஏம்மா, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

செவ்வாய்க்கிழமைதான் சலவைக்கூடத்துக்கு லீவு. நாத்தனார் தனியாக வரவில்லை. வாயாடி சும்மா இருப்பாளா, மூன்று நாளில் எட்டுப் பேரைக் கரைத்துக் கூட்டிவந்துவிட்டாள். பொட்டலம் கட்டிய சாப்பாடு, ஃப்ளாஸ்க்கில் தேநீர், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாயம்போன துண்டுகள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடும்போதே ஒருத்தி சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டாள்.

துறைத் தலைவர் அவசரமாக வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நங்கூரம், கேள்விப்பட்டேன். ஓட்டல்காரங்களோட வம்பு வேணாம். நாளைக்கு அவங்க நம்ம படகையே கூப்பிடலைன்னா எல்லாரும் ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"நான் வம்புக்குப் போகலண்ணே. குளிக்கப் போறேன்."

"இவங்கெல்லாம் ஓட்டல் ஆளுங்கம்மா."

"அதான் லீவு நாள்ல வர்றாங்க. விளிம்புல இருந்து கையை எடுங்கண்ணே, விரல் நசுங்கிடப் போகுது."

முதலில் ரவை. படகு மணலில் முட்டி நின்றது. ஒருத்தியும் இறங்கவில்லை. யாராவது வந்து விரட்டப் போகிறார்கள் என்பதுபோல் கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார்தான் முதலில் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினாள். குனிந்தாள். ஒரு கை மணலை அள்ளி, ஈரத்தைப் பிழிந்து, வழக்கம்போல் விரலால் கிளறினாள்.

"இதேதான்" என்றாள். "இதேதான்டி. பாருங்கடி, இம்புட்டு கிடக்கு!"

அடுத்த நொடியே பின்னால் இருந்தவள் "அக்கா, உதறிட்டு வாங்க, மெஷின் கெட்டுடும்" என்று சொல்ல, எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்துவிட்டார்கள். சிரித்த வேகத்தில் இறங்கியும்விட்டார்கள். அதற்குப்பின் அவர்களைப் படகில் ஏற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மிளகுக்குப் போனார்கள். கறையோடு வரும் துண்டுகளுக்குக் காரணமான அந்தக் கூர்ப்பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, ஆளாளுக்கு அதைத் திட்டினார்கள். 

மத்தியானத்துக்கு முன்னால் சர்க்கரை.

தூரத்திலேயே மிதவைகள் தெரிந்தன. நங்கூரம் மோட்டாரை நிறுத்தினாள். துடுப்பை எடுத்தாள். கயிற்றை அறுக்கவில்லை. துடுப்பு நுனியால் அதைத் தூக்கிப் பிடித்து, படகை அதற்கடியில் நுழைத்து, பின்பக்கம் தாண்டியதும் மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். காவலாளியின் விசில் காதைத் துளைத்தது. பெண்கள் பாதிப்பேர் படகுக்குள்ளேயே குனிந்து ஒளிந்துகொண்டார்கள். கரையில் குடைக்கடியில் படுத்திருந்த விருந்தினர்கள் நாலைந்து பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

தோட்டத்துப் படிகளில் மேனேஜர் இறங்கிவந்தார். புதிதாக வந்தவர், சின்ன வயசு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அந்தக் காலரை மடித்து இஸ்திரி போட்டது யார் என்று படகில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"இது ஓட்டலோட பீச். பலகையைப் பார்க்கலையா நீங்க?"

"பார்த்தேன் சார். ஓட்டல் உங்களோடது. படி உங்களோடது. நாற்காலி, குடை எல்லாம் உங்களோடது. தண்ணி ஏறி நிக்கிற கோடு வரைக்கும் இருக்கிற மணலு எல்லாரோடதும். குடா வாயில கயிறு கட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஆறாம் பாடம், நாலாவது பத்தி."

"என்ன பாடம்?"

"படகு உரிமப் புத்தகத்துல சார்." துடுப்பைப் படகில் சாய்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பத்தி முழுவதையும் ஒப்பித்தாள். ஒப்பிக்கும்போது அவளுக்கு முன்னூற்று ஏழாம் எண் அறை ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பத்தியை அங்கே படுக்கை விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டே மனப்பாடம் செய்திருந்தாள்.

மேனேஜர் நம்பவில்லை. துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டார். அதிகாரியின் குரல் சத்தமாகக் கேட்டது, கரையில் இருந்த எல்லாருக்கும்.

"யாரு சொன்னது? நங்கூரமா? அப்போ புத்தகத்தை எடுத்துப் பார்க்கவே வேணாம் சார். அவங்க சொன்னா ஒரு கமா கூட மாறாது. கயிறு கட்ட எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?... வாங்கலையா? சரி, நாளைக்கு அளவு நாடாவோட வர்றேன்."

மேனேஜர் போனைச் சட்டைப் பையில் போட்டார். அப்போதுதான் படகுக்குள் குனிந்திருந்த முகங்கள் அவர் கண்ணில் பட்டன. நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்க... நம்ம சலவைக்கூடத்து ஆளுங்கதானே?"

நங்கூரத்துக்கு அந்த நொடியில்தான் பயம் வந்தது. தன் படகு, தன் உரிமம், யாரும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது. இவர்கள் நாளைக் காலையில் அதே ஓட்டலின் பின்வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது. பக்கத்தில் இருந்தவளின் தலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆமா சார். இஸ்திரி மேசை. இருபத்தாறு வருஷம்" என்றாள். "இன்னைக்கு லீவு. இன்னைக்கு நானும் விருந்தாளிதான்."

சொல்லிவிட்டு இறங்கினாள். முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து, மேனேஜரைத் தாண்டி, ஈர மணலில் போய்க் கால்நீட்டி உட்கார்ந்தாள். குடைக்கடியில் இருந்த ஒரு பெரியவர் தன் குடையை அரை அடி நகர்த்தி, அவளுக்கும் நிழல் விழும்படி வைத்தார். அதற்குமேல் விருந்தினர்கள் முன்னால் ஒரு மேனேஜர் என்ன சண்டை போட முடியும்? படியேறிப் போய்விட்டார். மீதி எட்டுப் பேரும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். நங்கூரம் கடைசியில் இறங்கி, படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது முதுகுகளையும் பார்த்தபோது, தேர்வில் இருபதுக்கு இருபது வாங்கிய அன்றுகூட இப்படி இருக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் நாத்தனாரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். செய்தி கேட்டதும் நங்கூரம் அன்றைய பயணத்தை மறுநாளைக்கு மாற்றிவிட்டு ஓட்டலின் பின்வாசலில் போய் நின்றாள். அரை மணி நேரம் கழித்து நாத்தனார் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன அண்ணி? என்ன சொன்னாரு?"

"யாரு உங்களைக் கூட்டிட்டுப் போனதுன்னு கேட்டாரு."

"நீங்க?"

"என் தம்பி பொண்டாட்டி, படகு அவளோடது, இந்தத் துறையிலயே புத்தகம் முழுசாப் படிச்ச ஒரே ஆளு அவதான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

"அப்புறம்?"

"கயிறு கட்டினது மேலிடத்து உத்தரவு, நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. சரி சார், அவிழ்க்கறது யாரு உத்தரவுன்னு கேட்டேன். துறைமுக ஆபீஸ் உத்தரவுன்னாரு. அப்போ நீங்களும் தப்பிச்சீங்க, நானும் தப்பிச்சேன் சார்னு சொன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு." நாத்தனார் கைகளை விரித்தாள். "உள்ள போறப்போ காலு தரையில நிக்கல. உன் பேரைச் சொன்னப்புறம்தான் நின்னுச்சு."

நங்கூரம் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்கறி இறக்க வந்த வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் இரண்டு பேரும் வழிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சர்க்கரைக்குப் போனபோது கயிறும் இல்லை, பலகையும் இல்லை. காவலாளி பாறைமேல் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கையசைத்தான்.

செவ்வாய்க்கிழமைப் படகு நிற்கவில்லை. இரண்டாவது வாரம் பாத்திரம் கழுவுகிறவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் தோட்டக்காரர்கள், பெட்டி தூக்குகிறவர்கள், பஸ் டிரைவர்கள். தீவில் வேறு ஓட்டல்களிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு படகு போதவில்லை. அப்போது துறைத் தலைவர் வந்தார், சுற்றிவளைத்துப் பேசாத மனுஷர் அன்று சுற்றிவளைத்துப் பேசினார்.

"என் படகு செவ்வாய்க்கிழமையில சும்மாதான் நிக்குது. மோட்டாருக்கும் ஒரே எடத்துல நின்னா ஆகாது... நானும் நாலு குடாவைத் தவிர எதையும் பார்த்ததில்லைன்னு வெச்சுக்கோயேன்."

"பின்னாடியே வாங்கண்ணே. ஆனா குடா வாயில மோட்டாரை நிறுத்திடணும்."

"உத்தரவு" என்று நெற்றியில் கைவைத்தார் தலைவர். நிஜமான மரியாதையை ஒளித்துக்கொள்ளத்தான் அந்தக் கேலி என்று அவளுக்குப் புரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நாத்தனார் வாரம் தவறாமல் வந்தாள். ஐம்பத்தெட்டு வயசில் நீந்தப் பழக வேண்டும் என்று பிடிவாதம். நங்கூரம்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முதுகுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்து, "கழுத்தை விடுங்க அண்ணி, வயித்தை விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று பல வாரம் சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் பலகைபோல் விறைத்துக்கொண்டு கிடப்பாள். கையை எடுத்ததும் கல்லாட்டம் முழுகுவாள். தும்மிக்கொண்டு எழுந்து, தண்ணீரைத்தான் திட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சர்க்கரையில், நங்கூரம் கையை எடுத்தாள். நாத்தனார் முழுகவில்லை. மல்லாந்து, காதுவரை தண்ணீரில், நரைத்த முடி சுற்றிலும் விரிந்து மிதக்க, அப்படியே கிடந்தாள். கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக் காட்டினார்கள். துறைத் தலைவர் தன் படகில் எழுந்து நின்று பார்த்தார். நங்கூரம் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். தொட வேண்டாம் என்று தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மிதக்குறீங்க அண்ணி! நான் பிடிக்கல, நீங்களாத்தான் மிதக்குறீங்க!"

நாத்தனார் வானத்தைப் பார்த்தபடி, கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டினாள்.

"அது தெரியுது. எழுந்திருக்கறது எப்படின்னு நீ இன்னும் சொல்லித்தரவே இல்லையேடி!"

கரை முழுக்கச் சிரித்தது. "அவசரமில்லை, கொஞ்ச நேரம் அப்படியே இருங்க" என்றாள் நங்கூரம்.